சுவர் எழும்பும் இடம்

அக்டோபர் 6, திங்கள்

என் பெயர் சவரிமுத்து. இதை நானே எழுதுகிறேன். வயது எழுபத்திரண்டு. கோயில் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டு தேர்வும் எழுதிவிட்டேன். தினமும் ஏதாவது எழுதாவிட்டால் வந்த எழுத்து திரும்பிப் போய்விடும் என்று டீச்சர் சொன்னார். அதனால்தான் இது. இதுவரை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. பரவாயில்லை, பாலாடையும் நன்றாகத்தான் இருந்தது.

நான் சாரம் கட்டுகிறவனாக இருந்தேன். சவுக்குக் கம்பும் கயிறும் வைத்து, கொத்தனார் நின்று வேலை செய்ய மேடை கட்டுவது. திருச்சியில் நான் சாரம் கட்டாத தெரு குறைவு.

இந்த வாரம் முன்வீட்டு முறை.

அக்டோபர் 7

‘ஐ’ எழுத்துக்கு இன்று வயிறு சரியாக விழுந்தது.

அக்டோபர் 9

முறை என்று எழுதினேன், என்ன முறை என்று எழுதவில்லை. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்தெருவில் ஒரு வாசல், பின்தெருவில் ஒரு வாசல். முன்பக்கம் பெரியவன் அருளப்பன், அவன் மனைவி பிலோமினா, இரண்டு பெண்பிள்ளைகள். பின்பக்கம் சின்னவன் லூர்து, அவன் மனைவி ஜெசிந்தா. நடுவில் கூடம். போன வருடம் என் மனைவி இறந்த பிறகு எனக்குச் சாப்பாடு ஒரு வாரம் முன்வீடு, ஒரு வாரம் பின்வீடு. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மாறிவிடுவேன். சாப்பிடுகிற வீட்டிலேயே படுக்கை. நான்தான் அப்படி ஏற்பாடு செய்தேன். யாருக்கும் ஒரு வேளை கூடக் கூடாது, குறையக் கூடாது.

கூடத்தில் படுப்பதில்லை. அங்கே காற்று வராது.

அக்டோபர் 13, திங்கள்

பின்வீட்டு முறை. ஜெசிந்தா பல்கலைக்கழகத்தில் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். டிசம்பரில் பெரியவர்கள் முன்னால் நின்று தான் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லிப் பழகு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருக்கிறார். லூர்துவிடம் ஆரம்பித்தாளாம், அவன் தூங்கிவிட்டான்.

“மாமா, நீங்க கேக்குறீங்களா?”

“தூக்கம் வந்தா சொல்லிடுறேன்மா.”

தூக்கம் வரவில்லை. கிருமி மாத்திரைக் குப்பி மாதிரி நீளமாக இருக்குமாம். சாப்பிட்டுச் சாப்பிட்டு இன்னும் நீளமாகும். பிறகு சரியாக நடுவில் ஒரு சுவர் எழும்பும். ஒன்று இரண்டாகும். கொத்தனார் இல்லை, மேஸ்திரி இல்லை. உள்ளே கலைந்து திரிகிற புரதங்களே கூடி வந்து அந்த வேலையைச் செய்கின்றன. முதலில் வருகிறவனுக்கு இசட் என்று பெயர். அது ஆங்கிலத்தில் கடைசி எழுத்தாம். கடைசி எழுத்துக்காரன் முதலில் வந்து நிற்கிறான்! அவன் ஒருவன் இல்லை, ஆயிரக்கணக்கில். ஒருவர் பின்னால் ஒருவராகக் கோத்துக்கொண்டு, கிருமியின் இடுப்பில் உட்பக்கமாக வளையம் போடுகிறார்கள்.

“அந்த வளையம் கயிறு மாதிரி இறுக்கும், கிருமி ரெண்டா அறும். அதானே?” என்றேன். முடிச்சுப் போட்டே வாழ்ந்தவன் வேறு என்ன நினைப்பான்?

“நாங்களும் ரொம்ப நாள் அப்படித்தான் மாமா நெனச்சோம். அது இறுக்குறத விட, சுவர் கட்டுறவங்களுக்கு வழி காட்டுதுன்னு இப்போ சொல்றாங்க.”

எனக்கு அது இறங்கவில்லை. வழி காட்டுகிற வளையம் எப்படி இருக்கும்?

அக்டோபர் 15

கணினியில் படம் காட்டினாள். கருப்புத் திரையில் பச்சையாக மின்னும் ஒரு வளையம். அது சுற்றுவது மாதிரித் தெரிந்தது. “சுத்துதே!” என்று கத்திவிட்டேன். எங்கள் வீட்டுப் பூனை பெருமாட்டி எழுந்து ஓடிற்று.

சுற்றவில்லையாம். ஒவ்வொரு இசட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான். முன்முனையில் புதிதாக ஒருவன் வந்து ஒட்டுகிறான், பின்முனையில் ஒருவன் கழன்று போகிறான். பார்க்கிறவனுக்கு மொத்தமும் நகர்வது போல் இருக்கிறது. அந்த ஓட்டத்தின் பின்னாலேயே சுவர் கட்டுகிறவர்கள் இடுப்பைச் சுற்றி வந்து, உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை வளர்க்கிறார்கள்.

இப்போது இறங்கிவிட்டது. கோயில் கோபுரத்துக்கு நாங்கள் வெள்ளையடித்தபோது கம்பு போதவில்லை. முடிந்த பக்கத்தில் அவிழ்த்து, முடியாத பக்கத்தில் கட்டினோம். கீழே நின்று பார்த்தவர்களுக்குச் சாரமே கோபுரத்தைச் சுற்றி நடந்த மாதிரி இருந்திருக்கும். கம்பு எதுவும் நடக்கவில்லை.

இதைச் சொன்னேன். ஜெசிந்தா சிரித்துவிட்டு, “கம்புக்கு உயிர் இருந்தா நீங்க வேலையில்லாம போயிருப்பீங்க மாமா” என்றாள். நியாயம்தான்.

அக்டோபர் 16

விரல் வலி. எழுதவில்லை. (இது எழுதியதுதானே?)

அக்டோபர் 21, செவ்வாய்

முன்வீடு. பிலோமினா புளிக்குழம்பு வைத்தாள், இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

காலையில் தண்ணீர் மோட்டார் சண்டை. யார் முதலில் போடுவது, யார் நிறுத்தாமல் விட்டது. சுவிட்ச் கூடத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் இரண்டு கதவில் நின்று கத்தினார்கள். ஒருவனும் கூடத்துக்குள் இறங்கவில்லை.

“இதுக்கு ஒரே வழி நடுவுல சுவர்தான்” என்றான் அருளப்பன்.

“நாளைக்கே எழுப்பு. எனக்கென்ன?” என்றான் லூர்து.

பல மாதங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

அக்டோபர் 23

கொத்தனார் ராயப்பன் அளக்க வந்தான். என்னோடு முப்பது வருடம் வேலை செய்தவன். நான் கட்டிய சாரத்தில் நின்றுகொண்டே என் சாரத்தைத் திட்டுவான். கூடத்தின் நடுவில் நூல் கட்டினான். நூல், அவளுடைய கட்டில் கிடந்த இடத்துக்கு மேல் போயிற்று. கட்டிலை மடக்கிச் சுவரோரம் வைத்து ரொம்ப நாளாகிறது.

“சவரி, நீ எந்தப் பக்கம்?” என்று ராயப்பன் கேட்டான்.

அருளப்பன்தான் பதில் சொன்னான். “அப்பாவுக்கு என்ன, முறைப்படியே இருக்கட்டும். இங்க ஒரு வாரம், அங்க ஒரு வாரம்.”

“சுவரு வந்தப்புறம் எப்புடிய்யா போவாரு? பறந்தா?”

“தெருவச் சுத்திப் போறது. அஞ்சு நிமிஷ நடை.”

என் முழங்காலுக்கு ஐந்து நிமிடம் இல்லை. ஆனாலும் நடை உடம்புக்கு நல்லதுதான். எந்தப் பக்கம் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. ராயப்பன் என்னைப் பார்த்தான். நான் நூலைப் பார்த்தேன். நேராகத்தான் கட்டியிருந்தான்.

அக்டோபர் 28

பின்வீடு. ராயப்பன் டேப்பு வைத்து நடுவைக் கண்டுபிடித்தான். கிருமியிடம் ஏது டேப்பு? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதே யோசனை. ஜெசிந்தா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

“இதத்தான் மாமா என்கிட்டயும் கேக்கப்போறாங்க” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிருமிக்குள் இன்னொரு கூட்டம் இருக்கிறதாம். அவர்கள் சுவர் கட்டுகிறவர்கள் இல்லை, தடுக்கிறவர்கள். அவர்கள் நிற்கிற இடத்தில் இசட் வளையம் போட முடியாது. ஆனால் அவர்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்த முனையில் கொஞ்ச நேரம், அந்த முனையில் கொஞ்ச நேரம், ஒரு நிமிடத்துக்குள் போய்த் திரும்பி வந்துவிடுவார்கள். ஓயாத அலைச்சல். இரண்டு முனையிலும் தங்குகிறார்கள், நடுவை மட்டும் கடந்து போகிறார்கள். அதனால் நடுவில்தான் தடை குறைவு. அங்கேதான் வளையம் எழும்புகிறது.

என்ன அழகு! அளக்காமலேயே அளந்துவிடுகிறார்கள். கைதட்டினேன்.

பிறகு ஏனோ பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்திவிட்டேன். வாய்வாக இருக்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையிலேயே போய்ப் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்தேன். அருளப்பன் குடும்பம் நாலு மணிக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போயிற்று. லூர்து ஐந்து மணிக்கு வந்தான். அண்ணன் ஏற்றியதைத் தொடாமல் தள்ளி ஒன்று ஏற்றினான். காற்று பலம். அணைந்த திரிகளை மறுபடி மறுபடி பற்ற வைப்பதுதான் என் வேலை. யார் வைத்தது எது என்று பார்க்கவில்லை.

கல்லில் இருப்பதை முதல் முறையாக நானே படித்தேன். மரியபுஷ்பம். பெயர் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

இந்த வாரம் முன்வீடு.

நவம்பர் 5

வகுப்பில் வீட்டின் படம் வரையச் சொன்னார் டீச்சர். நீளமாக ஒரு பெட்டி போட்டேன். நான் வாரம் முழுக்க இருக்கிற இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்தேன். முன்பக்கம் கருப்பாகிவிட்டது, பின்பக்கமும் கருப்பு. நடுவில் தாள் வெள்ளையாக இருந்தது.

“இங்க யாரு இருக்கா தாத்தா?” என்று டீச்சர் கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

கூடத்தில் காற்று வராது என்று முன்பு எழுதினேன். அது சரியில்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். அதனால்தான் அவளுக்கு முடியாமல் போனபோது அங்கே படுக்க வைத்தோம்.

நவம்பர் 10

மறுபடி பின்வீடு. ஜெசிந்தாவிடம் கேட்டேன். “அந்த அலையிற கூட்டம் இல்லவே இல்லைன்னா?”

“நடுவுலயும் வளையம் போடும், ஓரத்துலயும் போடும் மாமா. ஓரத்துல போட்டா, குட்டியா ஒரு கூடு தனியாப் பிரிஞ்சிடும். உள்ள ஒண்ணும் இருக்காது. வளராது.”

“சரி. அந்தக் கூட்டம் அலையிறத விட்டுட்டு நடுவுலயே உக்காந்துட்டா?”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நடுவுல சுவர் வராது.”

“அப்ப நல்லதுதானே?”

“நல்லதில்ல மாமா. பிரியாமலே நீண்டுக்கிட்டே போகும். இடியாப்பம் மாதிரி. கடைசியில அதுவும் செத்துடும். பிரியிறது தப்பில்ல. எப்பப் பிரியிறதுங்கிறதுதான் விஷயம்.”

அதற்கும் ஒரு காவல் இருக்கிறதாம். கிருமியின் நடுவே ஒரு நீண்ட நூல் சுருண்டு கிடக்கிறது. அது என்னவாக வாழ வேண்டும் என்கிற விவரம் எல்லாம் அந்த நூலில்தான். முதலில் அதுபோலவே இன்னொரு நூல் உண்டாகி, இரண்டும் இரண்டு பக்கமாக விலகிப் போக வேண்டும். நூல் குறுக்கே கிடக்கும்போது மேலே சுவர் எழும்பவிடாமல் ஒரு காவல்காரன் பார்த்துக்கொள்வான். எழும்பினால் நூல் வெட்டுப்படும். இரண்டு பக்கமும் பிழைக்காது.

காவல்காரன் எங்கே உட்காருவான் என்று கேட்டேன்.

“அந்த நூல் மேலயேதான்” என்றாள்.

நவம்பர் 13

யோசித்தேன். மழை.

நவம்பர் 17, திங்கள்

செங்கல் இறங்கிவிட்டது. நாளைக்கு வேலை ஆரம்பம்.

நேற்று ஞாயிறு, முன்வீட்டுக்கு மாறும் நாள். பூசை முடிந்து வந்தேன். பையைத் தூக்கினேன். கூடம் வரைக்கும் போனேன். அங்கேயே பையை வைத்தேன். மடக்கி வைத்த கட்டிலை இழுத்து, ராயப்பனின் நூலுக்குக் குறுக்கே விரித்தேன். உட்கார்ந்தேன். கயிறு நன்றாகவே இருக்கிறது. நான் பின்னிய கயிறு.

முதலில் பிலோமினா எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். அதே நேரத்தில் பின்பக்கத்திலிருந்து ஜெசிந்தா காபியோடு வந்தாள். இரண்டு பேரும் கூடத்தின் நடுவில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிலோமினாதான் முதலில் சிரித்தாள். இரண்டு காபியும் குடித்தேன்.

மின்விசிறி அதே சத்தம்தான் போடுகிறது. எட்டு மாதம் அவள் கேட்டுக்கொண்டு கிடந்த சத்தம். நன்றாகத் தூங்கினேன். நம்ப முடியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத நேரமாகும். நடந்தபடி எழுதுகிறேன்.

ராயப்பன் கரண்டியோடு வந்தான். “எந்திரி சவரி. ஆளு நிக்கிறான், சிமெண்ட் கலக்கணும்.”

“கலக்காத.”

“ஏன், சுவர் உனக்குக் கோணலா வந்துடுமோ? ஒன் சாரத்துல நின்னே நான் நேராக் கட்டினவன்யா.”

அருளப்பன் வந்தான். லூர்து கடையைத் திறக்காமல் வந்தான். வழக்கம்போல ஆளுக்கொரு கதவு.

“அப்பா, என்ன இது புதுசா?” என்றான் பெரியவன்.

“உள்ள எறங்கி வா, சொல்றேன். நீயும் வாடா.”

இறங்கவில்லை. நானும் சொல்லவில்லை. ராயப்பன் செங்கல் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தான். கடைசியில் லூர்து இறங்கினான். தம்பி இறங்கியதைப் பார்த்துவிட்டு அண்ணன் இறங்கினான். கட்டிலின் அந்த முனையில் ஒருவன், இந்த முனையில் ஒருவன். கட்டில் கிரீச்சென்றது.

“நீங்க பிரியக் கூடாதுன்னு நான் சொல்லல. பெரியவன் வீட்டுல ரெண்டு பொண்ணு வளந்து நிக்குது, எடம் பத்தல. தெரியும். பிரிங்க. ஆனா நடுவுல ஒண்ணு பிரியாமக் கெடக்கு, அது மேல சுவர் வைக்காதீங்க.”

“என்ன கெடக்கு?”

“நான்.”

ராயப்பன் துப்புவதற்கு வெளியே போனான்.

“ஒங்கள யாருப்பா வேணாம்னு சொன்னா?” என்றான் அருளப்பன். “நாங்கதான் முறை வெச்சு...”

“முறை வெச்சது நான்டா, நீ இல்ல. ஒரு வேள கூடாம, ஒரு வேள கொறையாம, அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருந்தேன். நான் ஓடுனதாலதான் நடு காலியாச்சு. காலியான எடத்துலதான் சுவர் வரும்.”

“இத யாரு சொன்னா?”

“கிருமி.”

லூர்து திரும்பி மனைவியைப் பார்த்தான். “ஜெசி! நீதான் இதெல்லாம் சொல்லிக்கொடுத்தியா?”

“நான் பாக்டீரியாவப் பத்தித்தாங்க சொன்னேன்” என்றாள் ஜெசிந்தா. பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு என் ஏற்பாட்டைச் சொன்னேன். ஒரு சுவர் வேண்டாம், இரண்டு. கூடத்தின் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. இரண்டிலும் கதவு. நடுவில் நான். இரண்டு வீட்டிலும் நான் படுக்கிற மூலை காலியாகும், அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். மோட்டார் சுவிட்ச் என் பக்கம் இருக்கும். யாருக்கு எப்போது தண்ணீர் என்று இனி என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

“சாப்பாட்டுக்கு?” என்றான் அருளப்பன்.

“சாரம் கட்டப் போன எடத்துல இருவது பேருக்கு நான்தான்டா பொங்குவேன்.”

ஜெசிந்தா மட்டும் மெதுவாகக் கேட்டாள். “மாமா, தனியாப் பிரிஞ்ச குட்டிக் கூடு வளராதுன்னு சொன்னேனே?”

“அது உள்ள ஒண்ணும் இல்லாத கூடும்மா.”

பெரியவன் எழுந்தான். ராயப்பனுடைய நூலின் ஒரு முனையை அவிழ்த்தான். மறு முனை எட்டவில்லை. லூர்து போய் அவிழ்த்தான்.

நவம்பர் 19

கை வீங்கிவிட்டது. அவ்வளவு எழுதியிருக்கிறேன்!

நவம்பர் 27

சுவர் தோளுக்கு மேல் வந்தது, சாரம் வேண்டும். நான்தான் கட்டினேன். முழங்கால் ஏறவிடவில்லை, கீழே நின்று கட்டினேன். மேல் முடிச்சை அருளப்பன் போட்டான். தப்பாகத்தான் போட்டான். லூர்து ஏறி அதை அவிழ்த்து மறுபடி போட்டான். அதுவும் தப்பு. ராயப்பன் ஏறி நின்று, “அப்பன் கட்டுன பக்கம் மட்டும் ஆடல” என்றான். வாழ்நாளில் அவன் என் சாரத்தைப் பாராட்டியது இதுதான். எழுதி வைக்கிறேன். பிறகு இல்லை என்பான்.

டிசம்பர் 9

ஜெசிந்தா பேசி முடித்துவிட்டாள். பாஸ். கிருமி நடுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டார்களாம். “ஒங்க மொகம்தான் மாமா ஞாபகம் வந்துச்சு” என்றாள். இனி டாக்டர் ஜெசிந்தா. ஊசி போடாத டாக்டர்.

இன்னொரு சந்தேகத்தையும் கேட்டு வைத்தேன். சுவர் முடிந்த பிறகு அந்த வளையம் என்ன ஆகும்?

“கலைஞ்சிடும். துண்டு துண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் போயிடும். அடுத்த தடவைக்கு அதே ஆளுங்கதான் மறுபடி கூடுவாங்க.”

டிசம்பர் 13

சாரம் இறக்கினோம். பாதிக் கம்பு முன்வீட்டு மாடியில், பாதி பின்வீட்டில். கயிறு என்னிடம். பூச்சு காய வேண்டும். கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் வைக்கவில்லை. அவசரமில்லை என்று தச்சரிடம் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்தேன். மாற வேண்டிய வீடு இல்லை. பழக்கத்தில் பையைத் தேடினேன், பிறகு சிரித்துக்கொண்டேன்.

இனிமேல் முறை எனக்கு இல்லை, அவர்களுக்கு. ஒரு ஞாயிறு முன்வீட்டார் என்னிடம் சாப்பிட வருவார்கள், மறு ஞாயிறு பின்வீட்டார். நான்தான் சொன்னேன். இன்று முன்வீடு. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். பேத்திகள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டினார்கள், திட்டவில்லை.

பரிமாறும்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு லூர்து வந்தான். மோட்டார் போடச் சொல்ல வந்தானாம். பின்னால் ஜெசிந்தா. குழம்பு வாசனை அங்கே வரை வந்ததாம்.

“இன்னிக்கு ஒன் முறை இல்லையேடா” என்றேன்.

“அப்ப நிக்கட்டுமா, போகட்டுமா?” என்றான்.

அருளப்பன் நிமிராமல், தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினான். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.

குழம்பில் உப்பு கூடிவிட்டது. இருபது பேருக்குப் போடுகிற கை. ஆனாலும் எல்லோரும் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார்கள்.